பக்கத்து வீட்டுக் கையெழுத்து

தருமனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மனிதரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், நடுவில் நாற்பது திட்டு வந்து விழும். ஆனாலும் எங்கள் பக்கத்தில் பழைய வீட்டை இடிக்கப்போகிற யாராவது வந்து, "யார வைக்கலாம் ரேவதி?" என்று கேட்டால், பல்லைக் கடித்துக்கொண்டு அவர் நம்பரைத்தான் தருகிறேன். ஏன் தருகிறேன் என்பதுதான் இந்தக் கதை.

எங்கள் வீடு ரமணாசிரமம் தாண்டி, செங்கம் ரோட்டிலிருந்து தெற்கே உள்ளே போகிற சந்தில் இருந்தது. மாமனார் கட்டியது. மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கி, மேலே செங்கல் பாவிச் சுண்ணாம்பு போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை. அவர் போன பிறகு பிள்ளைகள் இருவரும் நடுச்சுவரை எல்லையாக வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். தெற்குப் பாதி என் வீட்டுக்காரர் அறிவுச்செல்வனுக்கு. வடக்குப் பாதி அவர் தம்பிக்கு. புதிதாகச் சுவர் எதுவும் எழுப்பவில்லை. இரண்டு பக்கத்துக் கட்டைகளும் அந்த ஒரே சுவரில்தான் தலைவைத்துப் படுத்திருந்தன.

தம்பி பெண்டாட்டி அன்புச்செல்வி. பேரில் மட்டும்தான் அன்பு. பத்து வருஷத்துக்கு முன் அவள் மொட்டைமாடியில் ஒரு கறுப்பு சின்டெக்ஸ் டேங்கைக் கொண்டுவந்து வைத்தாள். எங்கே வைத்தாள் தெரியுமா, என் மாடியிலிருந்து பார்த்தால் மலை உச்சி தெரிகிற அதே இடத்தில், நடுச்சுவர் தலைமேலே. கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் ஊரே மேலே பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறது, நான் மட்டும் டேங்கைக் கும்பிட வேண்டும். நகர்த்தி வை என்றேன். "எட்டிப் பாத்தா தெரியுதுக்கா" என்றாள். அன்றோடு பேச்சு நின்றது. ஐந்து வருஷத்துக்கு முன் அவள் வீட்டுக்காரர் செத்துப்போனார். போனேன், வந்த கூட்டத்துக்கு மூன்று நாள் சமைத்துப் போட்டேன், அவளிடம் மட்டும் பேசவில்லை. அதற்குப் பிறகு அவள் நடுச்சுவரை ஒட்டின பின்னறையில் இரண்டு கிரைண்டர் போட்டு, இட்லி மாவு அரைத்து விற்று மகளைப் படிக்கவைத்தாள். விடிந்தால் அந்த அறையில்தான் இருப்பாள். கிரைண்டர் சத்தம் சுவர் வழியாக என் அடுப்படிக்குள் வந்து என் தலையையும் சேர்த்து அரைக்கும்.

போன வருஷம் எங்கள் பாதியை இடித்துவிட்டு, வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிற மாதிரி மூன்று மாடி கட்டுவது என்று முடிவாயிற்று. வாடகை வரும் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். உள்மனசில் இருந்த கணக்கு வேறு. மூன்றாவது மாடி எழும்பிவிட்டால் அவள் டேங்கு என் காலடியில் கிடக்கும். அடுத்த தீபத்துக்கு அங்கே நாற்காலி போட்டு உட்கார வேண்டும். ஆவணியில் பூமி பூஜைக்கு நாள் குறித்தோம். வேங்கிக்காலில் வாடகைக்கு வீடு பிடித்துச் சாமான்களை மாற்றினோம். இடிக்க ஆள் வேண்டும்.

என் வீட்டுக்காரர் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸில் அத்தனை பேரை அதட்டின மனுஷன், வீட்டில் வாயைத் திறக்கமாட்டார். அவர்தான் விசாரித்துக்கொண்டு வந்தார். "பதிவு பண்ண ஆளா வைக்கணும்னு இன்ஜினியர் சொல்றாரு. தருமன்னு ஒருத்தர், கீழ்பென்னாத்தூர் பக்கம். பெங்களூர்ல பன்னெண்டு வருசம் இடிக்கிற வேல பாத்தவராம். நாளைக்கு வராரு."

வந்தார். டிவிஎஸ் வண்டி, தலையில் மஞ்சள் ஹெல்மெட். வண்டியை நிறுத்தியும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. ஐம்பது வயசு இருக்கும். இடது கையில் இரண்டு விரல் இல்லை. கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடுகிற குடும்பம். தலைமுறை தலைமுறையாக மண்ணைக் கொத்தின வீட்டில், செங்கல்லை உதிர்க்கிறேன் என்று கிளம்பின ஒரே ஆள் இவர்தான். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினார்.

"மொதல்ல இதப் பாருங்கம்மா. அப்புறம் வீட்டப் பாக்கலாம்."

அவர் பதிவு பெற்றதற்கான சான்று, ஆட்களுக்கு எடுத்த இன்சூரன்ஸ், இடிபாட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார் என்பதற்கு அனுமதிக் கடிதம். ஒவ்வொன்றாகக் காட்டினார். "தேதிய பாருங்க. தேதி போன லைசென்ஸும் தேதி போன மாத்திரையும் ஒண்ணுதான். நான்னு இல்ல, யார் வந்தாலும் இத வாங்கிப் பாருங்க."

"எனக்கு வீட்ட இடிக்கத் தெரிஞ்ச ஆளு போதுங்க. பாடம் நடத்தற ஆளு வேணாம்" என்றேன்.

காதில் போட்டுக்கொள்ளவில்லை. டீ போட்டு வந்து கொடுத்தேன். வேண்டாம் என்றார். வாடகை வீட்டிலிருந்து பிளாஸ்கில் சுமந்துகொண்டு வந்த டீ. "வேல குடுக்கிறவங்க வீட்ல நான் டீ குடிக்கிறதில்லீங்க. குடிச்சா அப்புறம் மூஞ்சிக்கு நேரா பேச முடியாது." குடிக்காமலேயே மூஞ்சிக்கு நேராகப் பேசினதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேனே. அந்த டீயை அவர் கண் முன்னாலேயே வாசலில் ஊற்றினேன்.

இரண்டு மணி நேரம் வீட்டைச் சுற்றினார். நடுச்சுவரை மட்டும் விரல் முட்டியால் தட்டித் தட்டி, காதை வைத்துக் கேட்டார். ஓர் இடத்தில் நின்று மறுபடி தட்டினார். நீலச் சாக்பீஸால் அங்கே ஒரு கட்டம் போட்டார்.

"இங்க சத்தம் வேற மாதிரி வருது. அந்தப் பக்கம் இன்னா இருக்குது?"

"அந்தப் பக்கம் ஒரு பிசாசு இருக்குது" என்றேன்.

சிரிக்கத் தெரியாத ஜென்மம். நோட்டில் எதையோ குறித்துக்கொண்டு சொன்னார்: "அவங்க பக்கத்துக் கட்டைங்களுக்கு மொதல்ல முட்டுக் குடுக்கணும். இந்தச் சொவர ஒட்டி நாலு அடிக்கு மெஷின் வரக்கூடாது. கையாலதான் எடுக்கணும். பதினஞ்சு நாள் ஆவும். பக்கத்து வீட்டுக் கையெழுத்து வேணும்."

"எதுக்கு?"

"அவங்களுக்குத் தெரிஞ்சுதான் இடிக்கிறோம்னு."

"என் வீடு, என் எடம். அவ யாரு கையெழுத்து போட?"

"வீடு உங்கள்து. சொவரு ரெண்டு பேருது. கையெழுத்து இல்லாம நான் கடப்பாரைய வைக்க மாட்டேங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒன்பது வருஷமாக முகம் கொடுக்காதவளிடம் போய், தாயே ஒரு கையெழுத்துப் போடு என்று நான் நிற்க வேண்டுமாம். அதற்கு மூன்று மாடியும் வேண்டாம், முப்பது மாடியும் வேண்டாம். அவள் போடவும் மாட்டாள். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் நானாக இருந்தால் போடமாட்டேன்.

நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே, அந்த ஆள் என் வாசலைத் தாண்டி, செருப்பைக் கழற்றி, அவள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். என் கண்ணெதிரிலேயே. அரைமணி நேரம் வெளியே வரவில்லை. நடுவில் எட்டிப் பார்த்தேன். அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அவள் வீட்டு டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தார். என் டீ கசந்தது, அவள் டீ இனித்ததா?

வெளியே வந்தவர் கையில் ஃபைலை எடுத்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறக்கவிடவில்லை.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அவ வீட்டு விருந்தாளி என் வீட்ட இடிக்க வேணாம். கெளம்புங்க."

"அம்மா, ஒரு நிமிசம் இத..."

"கெளம்புங்கன்னேன்."

ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு போனார். அன்று சாயங்காலம் மூன்று தடவை போன் செய்தார். எடுக்கவில்லை. நாலாவது தடவை அடித்தபோது அந்த நம்பரையே பிளாக் செய்தேன். மறுநாள் வேங்கிக்கால் வீட்டுக்கே வந்து கேட் அருகில் நின்று, ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவினார். "வேற ஆளு பாத்தாச்சு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். வேறு ஆள் இன்னும் பார்த்திருக்கவில்லை. அந்தக் கோபத்திலேயே மத்தியானத்துக்குள் பார்த்துவிட்டேன்.

அவன் பேர் வல்லரசு. இருபத்தெட்டு வயசு. வந்ததும் வராததுமாக "அக்கா" என்றான், என் வீட்டுக்காரரை "மாமா" என்றான். இரண்டு டம்ளர் டீ குடித்தான். வீட்டுக்குள் வரவே இல்லை. வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தான்.

"ரெண்டு நாளுக்கா. மூணாம் நாள் நீங்க இங்க கோலம் போடலாம்."

"பக்கத்து வீட்ல கேக்கணுமா?" என்றேன்.

"நம்ம வீட்ட இடிக்க ஊர்ல எதுக்குக்கா கேக்கணும்?"

அந்த ஒரு வார்த்தைக்கே அவனுக்குப் பொங்கல் வைத்திருப்பேன். என் வீட்டுக்காரர் மட்டும் மெதுவாகக் கேட்டார், "லைசென்ஸ் எதனா இருக்குதாப்பா?"

"ஜேசிபி டிரைவருக்கு இருக்குது மாமா" என்றான்.

"இடிபாட்ட எங்க கொட்டுவ?"

"அது நம்ம தலவலி மாமா. நீங்க ஏன் பேஜாராவுறீங்க?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் முறைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று அப்போதே யாராவது சொல்லியிருந்தால், சொன்னவரை இரண்டு அறை விட்டிருப்பேன்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜேசிபி வந்தது. முன்கட்டு பதினோரு மணிக்குள் தரைமட்டம். சந்து முழுக்கப் புழுதி. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்வீட்டு நிழலில் நின்றேன். பார்க்கப் பார்க்க எனக்குக் குஷி. அந்த மஞ்சள் ஹெல்மெட் பதினைந்து நாள் கேட்டதே, இதோ இரண்டு மணி நேரம்.

மெஷின் பின்கட்டுக்குப் போய் நடுச்சுவரை நெருங்கும்போது அன்புச்செல்வி வெளியே ஓடிவந்தாள். கையெல்லாம் மாவு. இரண்டு கையையும் தூக்கி ஆட்டி டிரைவரைப் பார்த்துக் கத்தினாள். சுவரைக் காட்டினாள், தன் வீட்டைக் காட்டினாள். மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. டிரைவர் நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தான். வல்லரசும் என்னைப் பார்த்தான்.

என்ன சொன்னேன் என்பதை மறைக்கப்போவதில்லை. சண்டைக்கு வருகிறாள் என்றுதான் நினைத்தேன். நினைக்கவில்லை, ஆசைப்பட்டேன். "நீ உன் வேலையப் பாருப்பா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் நேருக்கு நேர் பார்த்தது அன்றுதான். பிறகு திரும்பி வீட்டுக்குள் ஓடினாள்.

மெஷின் கை சுவரில் பட்டது. நீலச் சாக்பீஸ் கட்டம் போட்டிருந்த அதே இடம். சுவர் பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி அந்தப் பக்கமாக உப்பினது. கட்டைகள் ஒவ்வொன்றாக முறிகிற சத்தம் மெஷினையும் மீறிக் கேட்டது. டேங்கு சாய்ந்தது. அதற்குப் பிறகு அவள் பின்னறை இருந்த இடத்தில் புழுதிதான் இருந்தது, அதற்குள்ளிருந்து தண்ணீர் ஓடிவந்தது.

அவள் உள்ளே போயிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போயிருந்தாள். செல்வி என்று கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தேன், சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பேர் வரவில்லை. ஒன்பது வருஷம் சொல்லாத பேர். ஒரு மனுஷி சாகிறாளா பிழைக்கிறாளா என்று தெரியாத நேரத்தில்கூட என் வாய்க்கு ரோஷம். என் வீட்டுக்காரர்தான் "செல்வி, செல்வி" என்று கத்திக்கொண்டு ஓடினார்.

முன்வாசல் வழியாக அவளே வந்தாள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை, மாவா சுண்ணாம்பா தெரியவில்லை. இடது கை மணிக்கட்டுக்குக் கீழே தொங்கியது. ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை அணைக்கத்தான் உள்ளே ஓடினாளாம். சுவிட்சு கதவோரம் இருந்ததால் பிழைத்தாள், இரண்டடி உள்ளே இருந்திருந்தால் இல்லை. என்னைத் தாண்டி நடந்து போனாள். திட்டியிருக்கலாம், மண்ணை வாரி என் தலையில் போட்டிருக்கலாம். என் வீட்டுக்காரர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். "மெஷின ஓரம் கட்டிட்டு வந்துடறேன்கா" என்று சொல்லிப் போன வல்லரசு இன்னும் ஓரம் கட்டிக்கொண்டிருக்கிறான். அவன் போன் அன்றிலிருந்து அணைந்தே கிடக்கிறது.

புழுதி அடங்கின பிறகு நிமிர்ந்து பார்த்தேன். டேங்கு இல்லை. மலை உச்சி முழுசாகத் தெரிந்தது. ஒன்பது வருஷமாகக் கேட்டது கிடைத்துவிட்டது.

போலீசில் புகார் கொடுத்தாள். என் பேரையும் சேர்த்துத்தான் கொடுத்தாள். கொடுக்கட்டும், நானாக இருந்தால் அவள் வம்சத்தையே சேர்த்துக் கொடுத்திருப்பேன். எங்கள் வேலை நின்றது. ஆவணி போயிற்று. அவள் வீட்டில் மீதி நிற்கிற பகுதியும் ஆபத்து, எடுத்துவிட வேண்டும் என்று கட்டட அனுமதி கொடுக்கிற ஆபீசிலிருந்து வந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். புரட்டாசி முடிகிற சமயம் என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், "செல்வி மீதிய எடுக்க தருமன வச்சிருக்குது."

அடுத்த நாள் காலையில் அந்த டிவிஎஸ் என் கேட்டில் வந்து நின்றது. அதே ஹெல்மெட்.

"உள்ள வரலாங்களா?" என்றார். கதவைத் திறந்து போட்டுவிட்டு உள்ளே போனேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், "டீ இருந்தா குடுங்கம்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "என் வீட்ல குடிக்க மாட்டீங்களே?"

"அன்னிக்கு நீங்க வேல குடுக்கிறவங்க. இன்னிக்கு நீங்கதான் பக்கத்து வீடு. பக்கத்து வீட்ல டீ குடிச்சாத்தான் அவங்க மனசுல இருக்கிறத சொல்லுவாங்க."

டீ போட்டேன். சர்க்கரையைக் கம்மியாகப் போட்டேன், வேண்டுமென்றே. குடித்தார். டம்ளரைப் பிடித்த கையில் அந்த இரண்டு விரல் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டே, "அது எப்படிப் போச்சு?" என்று கேட்டேன். மெஷினில் போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"பெங்களூர்ல ஒரு சொவரு. பக்கத்து வீட்ல யாரையும் கேக்கல. மேஸ்திரி இடிடான்னாரு, இடிச்சேன். அந்தப் பக்கம் ஒரு பொம்பள துணி காயப்போட்டுகினு இருந்தாங்க. அவங்கள இழுக்கப் போனேன், வெரலு போச்சு." டீயைக் குடித்து முடித்தார். "அவங்களும் போயிட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னார். ஃபைலைத் திறந்து ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். பக்கத்து வீட்டார் ஒப்புதல் என்று மேலே அச்சடித்திருந்தது. கையெழுத்துக்கு ஓர் இடம். அதற்கு மேலே, குறிப்பு என்று போட்டு நாலு வரி காலி.

அதை எடுக்கும்போது அடியில் இன்னொரு தாள் தெரிந்தது. அதே அச்சு. அன்புச்செல்வி என்று கையெழுத்து. தேதியைப் பார்த்தேன். அவர் அவள் வீட்டில் டீ குடித்த நாள்.

"இது என்னா?"

"அன்னிக்கே போட்டுக் குடுத்துட்டாங்க. அதக் காட்டத்தான் வாயத் தொறந்தேன், போன் பண்ணேன், இங்க வந்தேன்." குரலில் குத்தல்கூட இல்லை. குத்தியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பேன்.

தாளை உருவினேன். குறிப்பு என்ற இடத்தில் அவள் கோணல் எழுத்து. 'எனக்கு ஆட்சேபனை இல்லை. எங்கள் பக்கம் சுவரைக் குடைந்து அலமாரி வைத்திருக்கிறோம். அந்த இடத்தில் சுவர் பாதிதான். அக்காவுக்குத் தெரியாது. சொல்லவும்.'

அக்கா என்று எழுதியிருந்தாள். நான் வெளியே அவளைப் பிசாசு என்று சொன்ன அதே நாளில், உள்ளே உட்கார்ந்து அக்கா என்று எழுதியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அந்த ஆள் முன்னால் அழக்கூடாது என்று அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே கழுவின பாத்திரத்தை மறுபடி கழுவினேன். திரும்பி வந்தபோதும் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். தாளை எடுக்கக் கை நீட்டினார். கொடுக்கவில்லை. மருமகளாக நான் அந்த வீட்டுக்கு வந்த வருஷம், மாமனார் மூடவைத்த பழைய கழிவுத் தொட்டி ஒன்று அவள் பக்கத்துக் கொல்லையில், முருங்கை மரத்துக்குக் கீழே இருக்கிறது. மேலே வெறும் கடப்பைக் கல்லும் மண்ணும்தான். லாரியோ மெஷினோ ஏறினால் ஆளோடு உள்ளே போகும். அவள் அந்தக் குடும்பத்துக்கு வருவதற்கு முன் நடந்தது அது. குறிப்பில் அதை எழுதினேன். மரத்திலிருந்து எத்தனை அடி என்று எழுதினேன். கடைசி வரியில் இடம் கொஞ்சம்தான் இருந்தது. 'செல்விக்குத் தெரியாது. சொல்லவும்' என்று நெருக்கி எழுதினேன்.

தருமன் வாங்கி இரண்டு தடவை படித்தார். மனுஷனாகப் பிறந்தவன் அந்த நேரத்தில் ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூடாதா? பேனாவை மறுபடி என் பக்கம் நீட்டினார்.

"தேதி போடலீங்க" என்றார்.